மாத்திரையைப் போடலாம், சாப்பிடலாம்… ஆங்கிலத்தில் ‘டேக்’ மட்டும்தான்!

வாரம் ஒரு வினைச்சொல் | இந்த வாரம்: டேக்

காய்ச்சலோடு படுத்திருக்கும் பிள்ளையிடம், “மாத்திரை போட்டியா கண்ணு?” என்று அம்மா கேட்பார். கொஞ்ச நேரம் கழித்து, “மாத்திரை சாப்பிட்டாச்சா?” என்று பாட்டி கேட்பார். இரண்டு கேள்விக்கும் பிள்ளை சொல்லும் பதில் ஒன்றுதான். போடுவது என்றால் கீழே போடுவது என்றோ, சாப்பிடுவது என்றால் இலை விரித்துச் சாப்பிடுவது என்றோ தமிழ் தெரிந்த யாரும் நினைப்பதில்லை.

அதே பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொல்ல வேண்டியிருந்தால்? ‘ஐ ஈட் தி டேப்லெட்’ என்று வாய் வரை வரும். சிலருக்கு ‘ஐ புட் தி டேப்லெட்’ என்றும் வரும். இரண்டுமே அங்கே பொருந்தாது. ஆங்கிலத்தில் மாத்திரைக்கு உரிய வினை ‘டேக்’. ‘ஐ டுக் தி டேப்லெட்’ என்று சொன்னால்தான் மாத்திரை வயிற்றுக்குள் போனதாக அர்த்தம்.

‘டேக்’ என்றால் ‘எடு’ என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்திருப்போம். அது தப்பில்லை. ஆனால், அது அந்தச் சொல்லின் ஒரு சின்ன மூலை மட்டும்தான். மீதியைத் தெரிந்துகொள்ளாமல் விட்டால் மருந்துக் கடை, பஸ் ஸ்டாண்ட், கம்பெனி வாசல், சம்பளச் சீட்டு என்று பல இடங்களில் தடுமாற வேண்டியிருக்கும்.

ஒரு மாத்திரை, நான்கு மொழி

கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளி வட்டத்தில் இருக்கும் பேரூராட்சி நாகரசம்பட்டி. மாவட்டத்துக்கு ஒரு பக்கம் கர்நாடகம், இன்னொரு பக்கம் ஆந்திரம். அதனால் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் இந்த வட்டாரத்தில் சர்வசாதாரணமாகக் காதில் விழும். ஓசூர், பர்கூர், போச்சம்பள்ளி பகுதிகளின் சிப்காட் தொழிற்சாலைகள் வந்த பிறகு இந்தியும் சேர்ந்துகொண்டது.

இந்த நான்கு மொழிக்காரர்களும் ஒரே மாத்திரையை எப்படிச் சொல்கிறார்கள் என்று கவனித்தால் வேடிக்கையாக இருக்கும். தமிழர் ‘போட்டுக்கோ’ என்பார். தெலுங்கு பேசுகிறவர் ‘வேஸ்கோ’ என்பார். அதற்கும் போட்டுக்கொள் என்றுதான் பொருள். கன்னடம் பேசுகிறவர் ‘தகோ’, அதாவது எடுத்துக்கொள் என்பார். இந்திக்காரர் ‘தவா காவோ’, மருந்தைச் சாப்பிடு என்பார். ‘தவா லோ’ என்றும் சொல்வதுண்டு.

சீன மொழியிலும் மருந்தைச் சாப்பிடத்தான் செய்வார்கள். அதனால் ஆங்கிலம் கற்கும் சீனர்கள் பலருக்கும் ‘ஈட் மெடிசின்’ என்றுதான் முதலில் வரும். பஸ் என்றால் அவர்கள் மொழியில் பஸ்ஸில் ‘உட்கார’ வேண்டும். நேரம் என்றால் அதைச் ‘செலவழிக்க’ வேண்டும். ஆங்கிலமோ இந்த மூன்றுக்கும் ‘டேக்’ என்ற ஒரே சொல்லை நீட்டுகிறது.

கன்னடத்துக்காரருக்கு மாத்திரை விஷயத்தில் ‘டேக்’ உடனே வந்துவிடும். அவர் மொழியிலேயே அது இருக்கிறது. தமிழருக்குக் கொஞ்சம் யோசித்துத்தான் வரும். இதில் யாரும் புத்திசாலியும் இல்லை, மக்கும் இல்லை. அவரவர் மொழியில் எந்தப் பொருளோடு எந்த வினை ஜோடி சேர்ந்திருக்கிறது என்பதுதான் வித்தியாசம்.

ஆங்கிலம் தெரிந்தவர்களே தடுமாறிய வரி

மருந்து விஷயத்தில் ‘டேக்’ புரிவது மட்டும் போதாது என்பதற்கு ஓர் ஆய்வு சாட்சி. அமெரிக்காவில் ஆங்கிலம் பேசும் 395 நோயாளிகளிடம் நடத்தப்பட்ட அந்த ஆய்வு, 2006-ல் ‘அன்னல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின்’ என்ற மருத்துவ இதழில் வெளியானது. ‘டேக் டூ டேப்லெட்ஸ் பை மவுத் ட்வைஸ் டெய்லி’ என்ற வரியை அவர்களிடம் காட்டினார்கள். ஒரு வேளைக்கு இரண்டு மாத்திரையாக, நாளுக்கு இரண்டு வேளை விழுங்க வேண்டும் என்பது அதன் பொருள்.

வாசிப்புத் திறன் குறைவாக இருந்தவர்களில் சுமார் 71 சதவீதம் பேர் அந்த வரியைச் சரியாகச் சொல்லிவிட்டார்கள். “சரி, ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை என்று எடுத்துக் காட்டுங்கள்” என்றபோது, நான்கு மாத்திரையைச் சரியாக எடுத்துக் காட்டியவர்கள் சுமார் 35 சதவீதம் பேர்தான்.

வாசிப்பது வேறு, வாசித்ததைச் செய்வது வேறு. அந்த வகையில் 1-0-1 என்று காலை, மதியம், இரவைப் பிரித்துக் கவர் மேல் எழுதித் தரும் நம்மூர் மருந்துக் கடைப் பழக்கம் எவ்வளவோ மேல். ஆனால், ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது தரும் டிஸ்சார்ஜ் சீட்டு பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. ‘டு பி டேக்கன் ஆஃப்டர் ஃபுட்’ என்றால் சாப்பிட்ட பிறகு. ‘டேக் ஆன் அன் எம்ப்டி ஸ்டொமக்’ என்றால் வெறும் வயிற்றில். ‘நாட் டு பி டேக்கன் பை மவுத்’ என்று ஒரு பாட்டிலில் இருந்தால் அது உள்ளுக்குச் சாப்பிடும் மருந்தே இல்லை. மேலுக்குப் பூசுவதாகவோ வேறு வகையில் பயன்படுத்துவதாகவோ இருக்கும். வீட்டில் வயதானவர்களுக்கு மருந்து எடுத்துக் கொடுக்கும் பிள்ளைகள் இந்த மூன்றையும் கட்டாயம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

தமிழில் ‘எடு’ உண்டு, ஆங்கிலத்தில் ‘டேக்’ இல்லை

‘எடு’ தமிழில் ஓய்வே இல்லாத சொல். அதை அப்படியே ‘டேக்’ ஆக்கும்போதுதான் வாக்கியம் வழுக்குகிறது.

● “தீபாவளிக்குத் துணி எடுத்தோம்.” இங்கே ‘எடு’ என்றால் காசு கொடுத்து வாங்குவது. ‘வீ டுக் டிரெஸ்’ என்றால் வெளியூர்க்காரருக்கு யாருடைய துணியையோ எடுத்துக்கொண்டு வந்த மாதிரி கேட்கும். ‘வீ பாட் நியூ க்ளோத்ஸ்’ என்பதே சரி.

● “கணக்குல 92 மார்க் எடுத்தேன்.” மார்க்கை ‘டேக்’ செய்ய முடியாது. ‘ஐ காட் 92’ அல்லது ‘ஐ ஸ்கோர்டு 92’.

● “போனை எடு.” ‘ஆன்சர் தி போன்’ அல்லது ‘பிக் அப்’.

● “பஸ்ஸை எடுத்துட்டாங்க.” பஸ் கிளம்பிவிட்டது. ‘தி பஸ் ஹேஸ் லெஃப்ட்’.

● “பசி எடுக்குது.” ‘ஐ ஆம் ஹங்ரி’ போதும். எடுப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

● “காபி எடுத்துக்கறீங்களா?” ‘வில் யு டேக் காபி’ என்பது இந்தியாவில் புரியும். ‘வுட் யு லைக் சம் காபி’ என்பது எல்லா ஊரிலும் மரியாதையாக ஒலிக்கும்.

● “டீச்சர் கிளாஸ் எடுத்தாங்க.” ‘டேக் எ கிளாஸ்’ என்றால் உலகில் பல இடங்களில் மாணவர் வகுப்பில் சேர்ந்து படிப்பது என்றே பொருள். பிரிட்டனில் ஆசிரியர் வகுப்பு நடத்துவதையும் ‘டேக்’ என்று சொல்வதுண்டு. குழப்பமே வேண்டாம் என்றால் டீச்சருக்கு ‘டீச்’ போடலாம்.

ஆங்கிலத்தில் ‘டேக்’ உண்டு, தமிழில் ‘எடு’ இல்லை

இது எதிர்ப் பக்கம். இங்கே ‘எடு’ என்று மொழிபெயர்த்தால் அர்த்தமே மாறிவிடும்.

● ‘டேக் எ சீட்.’ நாற்காலியை எடுக்கச் சொல்லவில்லை, உட்காரச் சொல்கிறார்கள். இன்டர்வியூ அறையில் காதில் விழும் முதல் வாக்கியம் பெரும்பாலும் இதுதான்.

● ‘டேக் எ பஸ் டு ஓசூர்.’ ஓசூருக்குப் பஸ் பிடித்துப் போங்கள். தமிழில் பஸ்ஸைப் ‘பிடிக்கிறோம்’, ‘ஏறுகிறோம்’. ஆங்கிலத்தில் ‘டேக்’ செய்கிறார்கள்.

● ‘இட் டேக்ஸ் டூ ஹவர்ஸ்.’ இரண்டு மணி நேரம் ஆகும். இதில் ‘இட்’ என்பதை மறந்துவிட்டு ‘டூ ஹவர்ஸ் வில் கம்’ என்று சொல்பவர்கள் உண்டு. நேரம் என்றாலே ‘இட் டேக்ஸ்’ என்று நாக்கில் பதிந்துவிட வேண்டும்.

● ‘டேக் யுவர் மதர் டு தி ஹாஸ்பிடல்.’ அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போ. ஆளாக இருந்தால் தமிழில் ‘கூட்டிட்டுப் போ’, பொருளாக இருந்தால் ‘கொண்டு போ’. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘டேக்’. பேசுகிறவர் இருக்கும் இடத்துக்கு வந்தால் ‘பிரிங்’, வேறு இடத்துக்குப் போனால் ‘டேக்’ என்று நினைவில் வைத்தால் பெரும்பாலும் தப்பாது.

● ‘டேக் தி எக்ஸாம்.’ தேர்வு எழுது. ‘ரைட் தி எக்ஸாம்’ இந்தியாவில் சகஜம். வெளிநாட்டு விண்ணப்பங்களில் பெரும்பாலும் ‘டேக்’தான் இருக்கும்.

கம்பெனி வாசலில் வரும் குட்டிச் சொற்கள்

‘டேக்’ தனியாக வந்தால்கூடச் சமாளித்துவிடலாம். பின்னால் ‘ஆஃப்’, ‘ஓவர்’, ‘அவுட்’, ‘டவுன்’ என்று ஒரு குட்டிச் சொல் ஒட்டிக்கொண்டால் அது வேறு ஆளாகிவிடும். தொழிற்சாலைகளில் இது இன்னும் முக்கியம். பிளஸ் டூவோ ஐ.டி.ஐ.யோ முடித்துவிட்டு நேராக லைனில் நிற்கும் பிள்ளைகளுக்கு இந்தச் சொற்கள் பாடமாக வருவதில்லை, உத்தரவாகத்தான் வருகின்றன.

முதல் நாள் வேலைக்கு வந்த ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். அறிவிப்புப் பலகையைப் பார்த்துவிட்டு, “அக்கா, ‘டூ நாட் டேக் ஆஃப் யுவர் க்ளவ்ஸ்’னு போட்டிருக்காங்களே, க்ளவ்ஸ் எடுக்கக் கூடாதா? அப்போ வெறும் கையில செய்யணுமா?” என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கிறார். “இல்லைம்மா, போட்டிருக்கிறதைக் கழட்டக் கூடாதுன்னு அர்த்தம்” என்கிறார் அவர். கேட்டதால் கை தப்பியது. கேட்கக் கூச்சப்பட்டு, தனக்குப் புரிந்தபடி செய்திருந்தால்?

● டேக் ஆஃப்: கழற்று. ஷூ, க்ளவ்ஸ், ஹெல்மெட் எல்லாவற்றுக்கும் இதுதான். விமானம் மேலே கிளம்புவதும் ‘டேக் ஆஃப்’. ‘டேக் எ டே ஆஃப்’ என்றால் ஒரு நாள் லீவு போடுவது.

● டேக் ஓவர்: பொறுப்பேற்றுக்கொள். ஒரு ஷிஃப்ட்காரரிடமிருந்து அடுத்த ஷிஃப்ட்காரர் மெஷினை வாங்கிக்கொள்வது இது. ஒரு நிறுவனம் இன்னொன்றைக் கையகப்படுத்துவதற்கும் இதே சொல்தான்.

● டேக் அவுட்: வெளியே எடு.

● டேக் அபார்ட்: பாகம் பாகமாகப் பிரி.

● டேக் டவுன்: உயரத்திலிருந்து இறக்கு. ‘டேக் டவுன் தி நம்பர்’ என்றால் நம்பரைக் குறித்துக்கொள்.

● டேக் அப்: புதிதாக ஒன்றைத் தொடங்கு. தையலோ, ஓட்டப் பயிற்சியோ எதுவாகவும் இருக்கலாம்.

கைக்கு வருவது எவ்வளவு?

வேலை தேடும் எல்லோரும் கட்டாயம் அறிய வேண்டிய ‘டேக்’ ஒன்று உண்டு. அது ‘டேக் ஹோம்’. வீட்டுக்கு எடுத்துப் போகும் சம்பளம், அதாவது பிடித்தம் எல்லாம் போகக் கைக்கு வருவது.

வேலைக்கு எடுக்கும்போது பல இடங்களில் ‘சி.டி.சி.’ என்ற தொகையைச் சொல்வார்கள். ஓர் ஊழியருக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு அது. அதை மாதச் சம்பளம் என்று நினைத்துக்கொண்டு வீட்டில் கணக்குப் போட்டால் முதல் மாதமே துண்டு விழும்.

ஒரு கணக்குப் பார்க்கலாம். அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து மாதம் 14,000 ரூபாய், வேறு படிகள் இல்லை என்று வைத்துக்கொள்வோம். ஊழியரின் பி.எஃப். பங்கு 12 சதவீதம்; அது 1,680 ரூபாய். ஈ.எஸ்.ஐ. பங்கு 0.75 சதவீதம், அது 105 ரூபாய். இரண்டும் போனால் கைக்கு வருவது 12,215 ரூபாய். நிறுவனம் தன் பங்காக பி.எஃப்.புக்கு 12 சதவீதமும் ஈ.எஸ்.ஐ.க்கு 3.25 சதவீதமும் கட்டும்; அதாவது 1,680 ரூபாயும் 455 ரூபாயும். அதையும் சேர்த்தால் சி.டி.சி. 16,135 ரூபாய் ஆகிவிடும். சொன்ன தொகைக்கும் கைக்கு வரும் தொகைக்கும் இடையே 3,920 ரூபாய் வித்தியாசம். கேன்டீனுக்கும் பஸ்ஸுக்கும் பிடித்தம் இருந்தால் இன்னும் கூடும்.

பி.எஃப். பணம் எங்கும் போய்விடாது, சேமிப்பாக இருக்கும் என்பது உண்மை. ஆனால், வாடகையும் கடன் தவணையும் கைக்கு வரும் பணத்திலிருந்துதான் போகும். அதனால், ‘வாட் இஸ் தி டேக் ஹோம் சேலரி, சார்?’ என்ற ஒரு வரியை மனதில் வைத்துக்கொண்டு இன்டர்வியூவுக்குப் போவது நல்லது. இலக்கணம் மற்ற இடங்களில் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை. இந்தக் கேள்வியைக் கேட்கத் தயங்கக் கூடாது.

‘டேக்’கே ஓர் இரவல் சொல்

கூச்சப்படுகிறவர்களுக்கு ஓர் ஆறுதல் செய்தி. ‘டேக்’ ஆங்கிலேயர்களின் சொந்தச் சரக்கே இல்லை. இங்கிலாந்தில் குடியேறிய வைகிங்குகளின் ஸ்காண்டிநேவிய மொழியில் இருந்த ‘டாகா’ என்ற சொல்தான் ஆங்கிலத்துக்குள் நுழைந்து ‘டேக்’ ஆனது. அதற்கு முன் பழைய ஆங்கிலத்தில் இதே வேலையைச் செய்த சொல் ‘நிமன்’. ஜெர்மன் மொழியில் அதன் உறவான ‘நேமன்’ இன்றும் புழங்குகிறது. ஆங்கிலத்தில் அது மறைந்துபோய், மரத்துப்போவதைச் சொல்லும் ‘நம்ப்’ போன்ற சில சொற்களில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இந்தச் சின்னச் சொல்லின் பலத்தை நம்பி ஒருவர் புது ஆங்கிலமே உருவாக்கிப் பார்த்தார். இங்கிலாந்தைச் சேர்ந்த சி.கே.ஆக்டன் 1930-ல் வெளியிட்ட ‘பேசிக் இங்கிலீஷ்’ முறையில் மொத்தமே 850 சொற்கள். அதில் வினைகள் 18 மட்டும். ‘டேக்’ அவற்றில் ஒன்று. ‘ரிமூவ்’ என்ற சொல் எதற்கு, ‘டேக் அவே’ இருக்கிறதே என்பது அவருடைய வாதம். அவருடைய நண்பர் ஐ.ஏ.ரிச்சர்ட்ஸ், சீனாவின் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியவர். இந்த முறையைச் சீனப் பள்ளிகளுக்குக் கொண்டுபோகப் பாடுபட்டார். 1937-ல் ஜப்பான் படையெடுத்து வந்ததில் அந்த முயற்சி தடைப்பட்டது. அந்த முறையின் மேல் ஆசிரியர்கள் வைத்த குறை எளிமையானது: சொற்கள் குறைந்தன, ஆனால் ஒவ்வொரு சொல்லின் தலையிலும் பொருள் மூட்டை ஏறிவிட்டது.

தமிழ்நாட்டுக்கும் இந்த வரலாற்றில் இடம் உண்டு. 1950-களின் இறுதியில், தொடக்க நிலையில் ஆங்கிலம் கற்பிக்கும் சுமார் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி தரும் பெரிய முயற்சி அன்றைய சென்னை மாநிலத்தில் தொடங்கியது. பயிற்சி பெற்றவர் மற்றவர்களுக்குப் பயிற்சி தர, உருள உருளப் பெரிதாகும் பனிப்பந்து போலப் பரவ வேண்டும் என்பதால் அதற்கு ‘மெட்ராஸ் ஸ்னோபால்’ என்றே பெயர் வந்தது. வாக்கிய அமைப்புகளைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகுவது அந்தக் காலத்து முறை.

பிறகு 1979 முதல் 1984 வரை, என்.எஸ்.பிரபு என்ற மொழிக் கல்வி அறிஞர் பெங்களூர், சென்னை உள்ளிட்ட இடங்களின் சில பள்ளிகளில் வேறு வழியைச் சோதித்துப் பார்த்தார். ரயில் நேர அட்டவணை, வரைபடம் போன்றவற்றைப் பிள்ளைகளிடம் கொடுத்து, அதை வைத்து ஒரு வேலையை முடிக்கச் சொல்வது அவர் வழி. வேலையில் கவனம் இருக்கும்போது மொழி தானாக உள்ளே இறங்கும் என்றார். ‘பெங்களூர் புராஜெக்ட்’ என்ற பெயரில் உலகம் முழுக்க ஆசிரியர் பயிற்சிகளில் இன்றும் அது பேசப்படுகிறது.

எப்படிப் பழகுவது?

‘டேக் = எடு’ என்று எழுதுவதை நிறுத்திவிட்டு, ஜோடியாக எழுத ஆரம்பிக்கலாம். ‘டேக் எ டேப்லெட்: மாத்திரை போடு’, ‘டேக் எ பஸ்: பஸ்ஸில் போ’, ‘இட் டேக்ஸ் டைம்: நேரம் ஆகும்’. நாளைக்கு இரண்டு ஜோடி போதும். வீட்டில் இருக்கும் டிஸ்சார்ஜ் சீட்டு, சம்பளச் சீட்டு, தொழிற்சாலை அறிவிப்புப் பலகை எல்லாமே பாடப் புத்தகம்தான். போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு பஸ்ஸில் போகும்போது படிக்கலாம். கூடவே டேக், டுக், டேக்கன் என்ற மூன்று வடிவங்களும் வாயில் ஓடட்டும்.

ஒரு குட்டிப் பயிற்சி. இந்த ஐந்தில் எவற்றுக்கு ‘டேக்’ வரும்?

1. பேத்தி அப்படியே பாட்டி ஜாடை.
2. இந்தப் பையை மாமாகிட்ட கொண்டு போய்க் குடு.
3. சளி பிடிச்சிருக்கு.
4. குழந்தைக்கு மொட்டை எடுத்தாச்சு.
5. முடிவு எடுத்தாச்சு.

விடை: 1, 2, 5. ஜாடை என்றால் ‘டேக்ஸ் ஆஃப்டர்’. பை என்றால் ‘டேக் திஸ் பேக் டு அங்கிள்’. முடிவுக்கு ‘டேக் எ டிசிஷன்’ என்பது பிரிட்டன் வழக்கு. அமெரிக்காவில் ‘மேக்’ என்பார்கள். சளிக்கு ‘காட் எ கோல்டு’. மொட்டைக்கு ‘ஷேவ்’.

அடுத்த வாரம், ‘டேக்’கின் எதிர் வீட்டுக்காரர் ‘கெட்’.